விருந்தாளிகள் ஏன் எழுந்து போகவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருந்து விபரீதமாகும் டார்க் காமெடி படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நடிப்பு, வசனம் எல்லாம் பேசியிருக்கிறார்கள். அச்சாணியான கேள்வி மட்டும் விட்டுப்போயிருக்கிறது: இத்தனை நடந்தும் வந்தவர்கள் ஏன் வீட்டுக்குக் கிளம்பவில்லை?

லூயி புனுவெல் 1962-இல் மெக்சிகோவில் எடுத்த ‘தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்’ படத்தில் காரணமே கிடையாது. வழி திறந்தே கிடக்கும், யாராலும் தாண்ட முடியாது. நம்மவர்கள் அப்படி எடுத்தால் லாஜிக் ஓட்டை என்பார்கள். அதனால்தான் எல்லோரும் ஊட்டி பங்களாவைப் பிடித்து, பாதையில் ஒரு மரத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். ஒற்றை மரம் விடியும்வரை தாங்காது. பவர் சாவோடு ஆள் வந்து, ஒரு வண்டி போகிற அளவுக்காவது அறுத்துத் தள்ளிவிடுவார்கள்.

மைசூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரை வைத்துப் பாருங்கள். அவர் திரும்பிப் போகிற பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர் வண்டியைக் கல்லட்டி என்கிற செங்குத்தான குறுக்கு மலைப்பாதை வழியாக இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். ஊட்டியில் ஆறரைக்காவது வண்டியை எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா, “ஒரு வாய் சாப்பிடாம போகக் கூடாது” என்று வாசலை மறித்தால் போதும். பேயும் வேண்டாம், கொலைகாரனும் வேண்டாம்.

சாப்பாடு தாமதமாவதற்கும் மலையே வழி செய்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும்; அதற்குமேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது. குக்கரில் தப்பித்துக்கொள்ளலாம். நாற்பது பேருக்குத் திறந்த அண்டாவில், கீழ்நாட்டுக் கணக்கில் பருப்பு போட்ட சமையல் மாஸ்டர் மாட்டிக்கொள்வார். ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குகிறார், நசுங்கவில்லை, மூடிவிடுகிறார். இந்த ஷாட்டை மூன்று முறை வைத்தால், அதற்குள் கூடத்தில் வெறும் வயிற்றில் மூன்று ரவுண்டு ஓடியிருக்கும். சண்டைக்கு வேறு காரணம் எதற்கு?

பனியிலும் குழப்புகிறார்கள். உறைபனி மேகமில்லாத தெளிந்த இரவில்தான் புல்லில் படியும். முந்தின காட்சியில் மழையும் மூடுபனியும் கொட்டிவிட்டு, விடிந்ததும் புல்வெளியை வெள்ளையாகக் காட்டினால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்றைச் சிரிப்புக்காகக்கூட வைக்க வேண்டாம்: ஜன்னலைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு. கணப்புக்குப் புகைபோக்கி உண்டு, கரிச்சட்டிக்குக் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படத்தில் கதகதப்பாகத் தெரிவதை அறையில் செய்து பார்க்கும் சுற்றுலாப் பயணி காலையில் எழுந்திருக்க மாட்டார்.

கலை இயக்குநர்களுக்கும் ஒரு வார்த்தை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. விருந்து மேஜையில் அது வரிசையாக நிற்கும்போதே, முதல் வசனத்துக்கு முன்னால் எங்கள் ஊர் தியேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

இப்படிக்கு,
சினிமா ரசிகர்கள் சிலர்,
குன்னூர்.