கண்டல் இலையும் டாக் நொதியமும்

திருகோணமலை

அன்பின் குமரன்,

உன் கடிதமும், பி.சி.ஆர். சுற்றுகளில் பெருக்கிய டி.என்.ஏ.யைப் பட்டைகளாகக் காட்டும் ஜெல் படமும் கிடைத்தன. கண்டல் இலை மாதிரி எதிலும் பட்டை இல்லை, நேர்க் கட்டுப்பாட்டில் (நிச்சயம் பட்டை தரவேண்டிய ஒப்பீட்டுக் குழாயில்) மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. டி.என்.ஏ.யை நகலெடுக்கும் டாக் நொதியம் செத்துவிட்டது, விலை கூடிய நொதியம் வாங்கலாமா என்கிறாய். வாங்காதே. கட்டுப்பாடு ஓடியிருக்கும்போது நொதியத்தில் குற்றம் சொல்ல முடியாது.

கணக்குப் பார். 95 பாகையில் டாக்கின் அரை ஆயுள் ஏறத்தாழ 40 நிமிடம். தொடக்கத்தில் 3 நிமிடம், பிறகு 35 சுற்றுக்கும் 30 விநாடிப்படி என்றால் அந்தச் சூட்டில் அது இருப்பது ஏறத்தாழ 20 நிமிடம்தான். யெலோஸ்டோன் வெந்நீரில் 70 பாகையில் செழிக்கும் பக்டீரியாவின் நொதியம் அல்லவா! எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு அதற்குக் காணாது.

கோளாறு மாதிரியில்தான். கண்டல் இலையில் பொலிபீனோலும் பல்சக்கரைட்டும் அதிகம். டி.என்.ஏ.யோடு கூடவே வந்து நொதியத்தை முடக்கிவிடும். வீழ்படிவு பழுப்பாக, பசையாக இருந்ததா? நிச்சயப்படுத்த, நேர்க் கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்றில் உன் மாதிரியில் 1 மைக்ரோலீற்றர் விடு. அந்தப் பட்டையும் மறைந்தால் தடுப்பான் இருக்கிறது. பிறகு மாதிரியைப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு ஐதாக்கி ஓட்டு. தடுப்பானும் ஐதாகிவிடுவதால், டி.என்.ஏ. குறைந்தும் பட்டை வருவதுண்டு. வராவிட்டால் மாட்டுச் சீர அல்புமின், மைக்ரோலீற்றருக்கு 0.4 மைக்ரோகிராம் சேர். பீனோலை அது பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை பிரித்தெடுக்கும்போது இலையிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிக்கும் சிடாப் கரைசலில், பீனோலைப் பிடிக்கும் பிவிபி 2 சதவீதம் போட மறக்காதே.

இன்னொன்று: டி.என்.ஏ.யைச் சேமிக்கும் டிஈ கரைசலில் வைத்து, 25 மைக்ரோலீற்றர் கலவைக்கு 5 விட்டிருக்கிறாய். டாக் வேலைசெய்யத் தேவையான மக்னீசியம் 1.5 மில்லிமோலார்; நான்கு நியூக்கிளியோட்டைடுகளும் சேர்ந்து 0.8ஐக் கட்டிவிடும். டிஈயில் உள்ள ஈடிடிஏ இன்னொரு 0.2ஐப் பிடிக்கும். மிஞ்சுவது வெறும் 0.5. ஆகவே 1 மைக்ரோலீற்றருக்கு மேல் விடாதே.

குழாய்க்கு 0.125 மைக்ரோலீற்றர் டாக்கைத் தனித்தனியே அளக்க முடியாது. பத்துக் குழாய் என்றால் பதினொன்றுக்குக் கலவை தயாரித்துப் பகிர். நொதியம் பாதிக் கிளிசரோலில் இருக்கிறது. பிப்பெற் நுனியை ஆழ அமிழ்த்தினால் வெளிப்புறத்தில் ஒட்டியதும் கூட வந்துவிடும். மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்து மெதுவாக உறிஞ்சு. கிளிசரோல் அடியில் தங்கும், ஆகவே பிப்பெற்றால் மேலும் கீழும் இழுத்துக் கலக்கு.

பிழைதிருத்தும் பியூ நொதியம், துண்டைக் குளோன் செய்யும்போதுதான் உனக்குத் தேவைப்படும். நேரடியாக வரிசை வாசிக்க டாக் போதும்.

ஐதாக்கி ஓட்டிய ஜெல்லின் படத்தை அனுப்பு.

அன்புடன்,
செல்வன்