உன் ஊர் கிளப் பற்றி

அன்பு பாப்பா,

கிரீஸில் வோலோஸ் நகரத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது என்று நீ சொன்ன அன்றைக்கு அம்மா குளிர் எவ்வளவு என்று கேட்டாள், நான் ஃபெராண்டோ இருந்த ஊரா என்று கேட்டேன், நீ யாரப்பா அது என்று சிரித்தாய். ஹுவான் ஃபெராண்டோ, ஸ்பெயின்காரர், கால்பந்துப் பயிற்சியாளர். 2021-ல் எஃப்சி கோவாவுக்கு டூரண்ட் கோப்பையும் 2023 மார்ச்சில் மோகன் பகானுக்கு ஐஎஸ்எல் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர். கோவாவுக்கு வரும் முன் அவர் வேலை பார்த்தது உன் ஊர் கிளப்பான வோலோஸ் என்எஃப்சி-யில்தான். இந்த மனுஷன் எங்கிருந்து வந்தார் என்று தேடப்போய் அந்தக் கிளப்பின் ஸ்கோரை வாராவாரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது மகளே அங்கே இருக்கிறாள், விடுவேனா.

அந்தக் கிளப் பிறந்தது 2017-ல். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு கிளப்பே கிடையாது. உள்ளூர்ச் சின்னக் கிளப்புகளை இணைத்து ஆரம்பித்ததால் அடிமட்ட மாவட்ட லீக்கில் கிடந்து ஏறவேண்டிய அவசியம் இல்லாமல் நேராக மூன்றாம் பிரிவில் இறங்கினார்கள். முதல் சீசனிலேயே மேலே ஏறினார்கள், 2018-19-ல் இரண்டாம் பிரிவிலும் முதலிடம், 2019-ல் ஒலிம்பியாகோஸ், பனாதினாய்கோஸ், ஏஇகே, பாவோக் மாதிரிப் பெரிய கிளப்புகள் எல்லாம் ஆடுகிற முதல் பிரிவான சூப்பர் லீக்கில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பதினான்கே கிளப்புகள் ஆடுகிற லீக் அது. வந்த வேகத்தில் கீழே போய்விடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன், போகவில்லை. ஸ்பெயின், அர்ஜென்டினா பக்கமிருந்து ஆட்களைப் பிடித்து, பெரும்பாலும் பட்டியலின் பின்பாதியில்தான் என்றாலும், நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இதுவரை கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு இதில் பிடித்ததே வேறு. இவ்வளவு வேகமாக வளர்ந்த கிளப்புக்குக் கூட்டம் வரவில்லை. அவர்கள் ஆடுகிற பான்தெஸ்ஸாலிகோ ஸ்டேடியம் 2004 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டியது, 22,000 பேருக்கு மேல் உட்காரலாம், ஏதென்ஸ் கிளப்போ பாவோக்கோ வருகிற நாளைத் தவிர கேலரி காலியாகத்தான் கிடக்கும்.

காரணம் அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு கிளப் இருப்பது. 1922-ல் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, துரத்தப்பட்ட கிரேக்கர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள் இல்லையா, அவர்களில் வோலோஸுக்கு வந்தவர்கள் குடியேறிய இடம்தான் நேயா இயோனியா. அந்த அகதிகள் 1924-ல் ஆரம்பித்தது நீகி, நீலமும் வெள்ளையும். 1937-ல் வந்தது ஒலிம்பியாகோஸ் வோலோ, சிவப்பும் வெள்ளையும் (ஏதென்ஸ் பக்கத்துப் பெரிய ஒலிம்பியாகோஸ் வேறு, குழப்பிக்கொள்ளாதே). ஒருவன் எந்தப் பக்கம் என்பதைத் தாத்தாவே முடிவு செய்துவிட்டுப் போயிருப்பார்.

இரண்டுமே மேலே போய் விழுந்த கிளப்புகள். ஒலிம்பியாகோஸ் வோலோ 2011-ல் ஐரோப்பியப் போட்டி வரை போனது, அடுத்த சுற்றில் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் காத்திருந்தது, அப்போது பார்த்து மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரம் வெடித்தது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ வெளியே தள்ளியது, இவர்கள் தோற்கடித்த லக்சம்பர்க் கிளப் போய் பாரிஸோடு ஆடியது, உள்ளூர் லீக்கிலும் கீழே இறக்கிவிட்டார்கள். நீகி 2014-ல் சூப்பர் லீக்குக்கு ஏறி, காசில்லாமல் சீசன் பாதியிலேயே விலகிக்கொண்டது. ஆக, ஊரில் ரசிகர்கள் இருந்தார்கள், மேலே ஆட ஒரு அணி இல்லை. அந்த இடத்தில்தான் 2017-ல் புதுக் கிளப். இதைக் கொண்டுவந்தவர் அகிலியாஸ் பேயோஸ், நகரத்தின் மேயர். 2011-ல் ஒலிம்பியாகோஸ் வோலோவின் தலைவராக இருந்தவரும் அவரேதான், ஊர் அதையும் மறக்கவில்லை. நீகியின் நீலத்தையும் ஒலிம்பியாகோஸின் சிவப்பையும் சேர்த்து ஜெர்சி போட்டார்கள். இரண்டு வீட்டாரும் வராமல் மண்டபக்காரரே முன்னின்று நடத்திவைத்த கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு இந்தக் கிளப் மேல் கோபம் இல்லை. நூறு வருஷக் கிளப்புகளும் ஒரு நாள் புதுக் கிளப்தானே. பக்கத்து ஊர் லாரிஸா 1988-ல் சாம்பியன் ஆனது, ஏதென்ஸும் தெசலோனிகியும் தவிர வேறு ஊருக்கு லீக் பட்டம் போனது அந்த ஒரே தடவைதான், அதை அவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். வோலோஸ் என்எஃப்சி-க்குப் பேச அப்படி ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் 2017-ல் பிறந்த குழந்தை வேறு எதையும் பார்க்காமல் இந்தச் சிவப்பு நீல ஜெர்சியைப் பார்த்தே வளரும், அதற்குத் தாத்தா சொன்ன கதையை விட டிவியில் பார்த்த மேட்ச் பெரிதாகத் தெரியலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேட்சுக்குப் போய்ப் பார். பெரிய கிளப் வருகிற நாளில் வேண்டாம். கிரீஸில் கால்பந்து ரசிகர் சண்டையில் உயிரே போயிருக்கிறது, 2023 டிசம்பரில் அரசாங்கம் இரண்டு மாதம் ஆளே இல்லாமல் மேட்ச் நடத்த வைத்தது. அதற்கப்புறம் டிக்கெட்டை அடையாள ஆவணத்தோடு இணைத்துவிட்டார்கள், அதனால் பாஸ்போர்ட் விவரத்தோடு எப்படி வாங்குவது என்று லேபில் யாரிடமாவது முதலிலேயே கேட்டுக்கொள். அப்புறம் இன்னொரு நாள், கீழ்ப்பிரிவுதான் என்றாலும், நீகி ஆடுவதையும் பார். இரண்டு மைதானமும் ஒரே நேயா இயோனியாவில்தான், பஸ் மாறவேண்டியதில்லை.

ஸ்கோர் எழுதவேண்டாம், அதை போனில் பார்த்துக்கொள்வேன். எந்த மேட்சுக்கு எவ்வளவு கூட்டம், சிவப்பு நீலம் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு என்ன வயசிருக்கும், அதை மட்டும் எழுது.

அப்பா