வெயில் நேரத்தில் 10 ஆம்பியர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடியில் சோலார் வைத்திருந்தும் பலர் மின்சாரக் காரை இரவில்தான் சார்ஜ் போடுகிறார்கள். பகலில் கார் வீட்டில் நின்றால் அது தேவையே இல்லை.

தமிழகத்தில் 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். சிறிய கார் 40 கிலோமீட்டர் ஓட 6, 7 யூனிட் போதும். ஆனால் உச்சி வெயிலிலும் அந்தப் பேனலில் இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் வருவது அரிது. 15 ஆம்பியரில் கார் இழுப்பதோ ஏறக்குறைய மூன்றரை. மீதி கம்பத்திலிருந்துதான் வரும். சார்ஜரில் 10 ஆம்பியருக்குக் குறைக்கும் வசதி இருந்தால், காலை 11 மணிக்குப் போட்டு 2 மணிக்கு எடுத்துவிடலாம்.

ஏசிக்குப் போட்ட பழைய பிளக்கில் மட்டும் செருகாதீர்கள். மணிக்கணக்கில் லோடு ஓடும்போது, தளர்ந்த ஸ்க்ரூ சூடேறி சாக்கெட் பழுப்பாகி உருகும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், லோடு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் அவசியம். இதில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். பேனல் மின்சாரம் லைனுக்குள் போய், அங்கே ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. சோலார் விற்பவர்கள் இதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

- வாசகர், ஈரோடு