ரபியின் வீட்டுக்குப் பணிக்குச் செல்லும் நம் பெண்களுக்குச் சொல்லப்படாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளுக்கு முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்லும் மலையகப் பெண்களுக்கு மொழிப் பயிற்சி போதவில்லை என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் அண்மையில் எழுதியிருந்தார். அவர் கூறியது சரியே. ஆயினும், செல்லும் வீட்டாரின் சமயம் அவர்களுடைய அடுப்பிலும் வாசலிலும் கிழமைகளிலும் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழில் எவரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. மொழியைவிட அதுவே முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

நான் இலங்கை மலையகத்தின் புசல்லாவையைச் சேர்ந்தவள். முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கணவர் இறந்த பின், இஸ்ரேலின் வடக்கே கலிலேய மலைகளில் உள்ள சஃபேத் நகரில், யூதச் சமயகுருவான ஒரு ரபியின் வயது முதிர்ந்த தாயாரைப் பராமரிக்கும் பணியில் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தேன். அந்நாட்டு அரசைப் பற்றியும் போரைப் பற்றியும் வாசகர்களுக்குள்ள கருத்துகளை நான் அறிவேன். இக்கடிதம் அவற்றைப் பற்றியதன்று. ஒரு குடும்பத்தையும் அதைச் சுற்றி வாழ்ந்த மக்களையும் பற்றியது.

நான் பயிற்சி பெற்ற நிலையத்தில், நோயாளரைக் கட்டிலிலிருந்து தூக்கும் முறை, இரத்த அழுத்தம் பார்த்தல், சிறிதளவு எபிரேயம் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். சமையலறை பற்றிச் சொன்னது ஒரே ஒரு வரிதான்: பன்றி இறைச்சியைக் கொண்டு செல்லாதீர்கள். ஆனால் பாலும் இறைச்சியும் ஒன்று சேரக் கூடாது என்பது அவர்களுடைய விதி என்பதால், அந்த வீட்டில் பால் பாத்திரங்களைக் கழுவ ஒரு தொட்டியும், இறைச்சிப் பாத்திரங்களைக் கழுவ வேறொரு தொட்டியும் இருந்தன. கரண்டியும் தட்டும் கத்தியும் துடைக்கும் துணியும்கூட இரண்டிரண்டு வகை. முதல் வாரத்திலேயே பால் கரண்டியைக் கொதிக்கும் கோழிச் சாற்றுக்குள் விட்டுவிட்டேன். ஊரார் இத்தகைய ஐயங்களுடன் ரபியைத் தேடி வருவது வழக்கம். அன்று அவருடைய மனைவியே கரண்டியையும் பானையையும் ஏந்திக்கொண்டு அவர்முன் போய் நின்றார். பகலில் கோழி உண்டால் அதன் பின் ஆறு மணி நேரத்துக்குப் பால் தேநீர் கிடையாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தேயிலை மலையில் பிறந்த எனக்கு அது சிறிய விடயமன்று.

ஒவ்வொரு நாள் காலையிலும் சமையலறை அடுப்பை ரபியின் மனைவியே வந்து பற்றவைப்பார். அதன் பின்னரே நான் சமைக்கலாம். எரிவாயு அடுப்பைக் கையாள எனக்குத் தெரியாது என்று அவர் நினைப்பதாக எண்ணிப் பல மாதங்கள் மனம் நொந்தேன். யூதரல்லாதவர் சமைக்கும் உணவை யூதர் உண்ண வேண்டுமானால், அந்தச் சமையலில் ஒரு யூதரின் கையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி என்பதையும், அவர்கள் மரபில் தீயை மூட்டுவதே அதற்குப் போதுமானது என்பதையும் எவரேனும் முன்பே கூறியிருந்தால் அத்தனை நாட்கள் வருந்தியிருக்க மாட்டேன். ரபி என்னுடன் கைகுலுக்கியதில்லை. நானும் அவரும் மட்டும் வீட்டில் இருக்க நேர்ந்தால் தெருக்கதவை ஒருக்களித்துத் திறந்து வைப்பார். அதையும் அருவருப்பு என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். தம் குடும்பத்தைச் சேராத எந்தப் பெண்ணிடமும் அவர் அப்படித்தான் நடந்துகொள்வார் என்பதைப் பின்னரே கண்டேன்.

என்னை மிகவும் புண்படுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன் விளக்கேற்றி, இரண்டு பின்னல் ரொட்டிகளைத் துணியால் மூடி வைத்து, திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தி ரபி ஆசி கூறுவதோடு அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும். தொழுகைக்கூடத்திலிருந்து அவர் தனியாகத் திரும்பியதே இல்லை; வேறு போக்கிடமில்லாத மாணவர்களும், வழிப்போக்கர்களும், தனித்து வாழும் முதியவர்களும் உடன் வருவார்கள். அன்று விருந்தினர் ஒருவரின் கிண்ணம் காலியாக இருந்ததைக் கண்டு, மேசையிலிருந்த புட்டியை எடுத்து நான் ஊற்றினேன். எவரும் கடிந்து பேசவில்லை. ஆனால் அந்தப் புட்டி மெல்ல அகற்றப்பட்டு வேறொன்று வந்தது. எங்கள் தோட்டத்திலேயே சில வீடுகளில் தண்ணீர்ச் செம்பைத் தொடவிடாத காலத்தை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்றிரவு உண்ணாமலே படுத்தேன்.

ஓய்வுநாள் முடிந்ததும் ரபியின் மனைவி என் அறைக்கு வந்து அமர்ந்து விளக்கினார். யூதரல்லாதவர் கையாண்ட திராட்சை ரசத்தை அருந்தக் கூடாது என்பது, பிற தெய்வங்களுக்கு அது வார்க்கப்பட்ட பழங்காலத்தில் எழுந்த விதி. காய்ச்சிய ரசத்துக்கு அது பொருந்தாது. அடுத்த வாரம் முதல் அந்த வீட்டுக்குக் காய்ச்சிய ரசம் மட்டுமே வாங்கப்பட்டது. நான் புறப்படும் வரை அந்த மேசையில் என் கையாலும் ரசம் ஊற்றப்பட்டது. அந்த விதி எனக்கு இன்றும் உவப்பானதன்று. எனினும், தம் விதியையும் கைவிடாமல், என் கையையும் தள்ளாமல், இரண்டுக்கும் இடம் கொடுக்கும் புட்டியைத் தேடி வாங்கிய அந்த அம்மையாரை நான் மறக்கமாட்டேன்.

ஓய்வுநாளில் தேநீர் தயாரிப்பது ஒரு தனிக் கலை. தீ மூட்டவோ, மின்விசையைத் தொடவோ, எதையும் சமைக்கவோ கூடாது. கொதிநீரை நேராகத் தேயிலையில் ஊற்றுவதும் சமைத்தலாகவே கொள்ளப்படும். எனவே வெள்ளிக்கிழமையே கெட்டிச் சாயம் வடித்து வைத்துவிடுவோம். மறுநாள் கொதிகலனிலிருந்து நீரை முதலில் ஒரு கோப்பையில் பிடித்து, அதை இன்னொரு கோப்பைக்கு மாற்றி, அதன் பின்னரே சாயத்தைக் கலக்க வேண்டும். விளக்கைப் போடும்படி பிள்ளைகள் என்னிடம் கேட்கவும் மாட்டார்கள். தாம் செய்யக் கூடாததைப் பிறரை ஏவிச் செய்விப்பதும் தடை. எசமானரும் பிள்ளைகளும் மட்டுமன்றி, வேலைக்காரரும் வேலைக்காரியும் வீட்டு மாடும்கூட அந்நாளில் இளைப்பாற வேண்டும் என்று அவர்களுடைய பத்துக் கட்டளைகளிலேயே உள்ளது. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் சென்ற என் தாயாரை அந்த மேசையருகே நின்று நான் நினைத்துக்கொண்ட நாட்கள் பல.

இத்தனை கண்டிப்பும் ஓர் உயிருக்கு முன் நிற்காது. குளிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில் ரபியின் தாயாரான பாட்டியாருக்கு மூச்சுத் திணறியது. நான் ஓடி வந்து சொல்லி முடிக்கும் முன்பே ரபி தொலைபேசியை எடுத்து அம்புலன்ஸை அழைத்தார். என்னை அழைக்கச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறுவதே கடமை, அதை வேறொருவர் தலையில் சுமத்தித் தாமதிக்கக் கூடாது என்றார். பராமரிப்புப் பணிக்குச் செல்லும் பெண் முதலில் அறிய வேண்டியது இதுவே. ஓய்வுநாள் ஆயிற்றே என்று அவள் தயங்கி நிற்கக் கூடாது.

பண்டிகைகளை நான் நம் முழுநிலவு நாளான போயாவை வைத்தே கணக்கிட்டேன். அவர்களுடைய மாதம் பிறையோடு தொடங்குவதால், பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் முழுநிலவில் வந்துவிடும். பருவம் பிசகாதிருக்க, 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். பஸ்காவுக்கு முந்திய இரவில் மெழுகுவர்த்தியும் இறகும் கொண்டு வீட்டின் மூலை முடுக்கெல்லாம் புளித்த மாவின் துகளைத் தேடுவார்கள். ஏழு நாட்களுக்குப் பாண் இல்லை. அவர்கள் மரபில் சோறும் பருப்பும்கூட இல்லை. எதிர்வீட்டு ஈராக் வழி யூதர்களோ சோறு உண்டார்கள். என் பெட்டியிலிருந்த கோதுமை மா முறுக்கைக் காட்டி அஞ்சியபடி நின்றபோது, அது உங்களுடையது, பெட்டியை மூடி வைத்தால் போதும் என்றார் ரபி.

கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் குடில் கட்டி, நட்சத்திரம் தெரியும்படி இலைதழைகளால் கூரை வேய்ந்து, ஏழு நாட்கள் அதற்குள் உண்பார்கள். ஒழுகும் தகரத்தின் கீழ், லயத்து இஸ்தோப்பில் பிள்ளைகளை வளர்த்த எனக்கு முதல் ஆண்டு அது புரியவே இல்லை. நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் வீடின்றி அலைந்த முன்னோரை நினைக்கவே அப்படிச் செய்கிறோம் என்று அந்த வீட்டின் கடைக்குட்டி எனக்குச் சொன்னான். 1823 முதல் நம் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்த கதையை அன்று மாலை நான் அவனுக்குச் சொன்னேன். அவர்கள் எங்கே உறங்கினார்கள் என்று அவன் கேட்டான். என்னிடம் தெளிவான விடை இல்லை.

பாவநிவிர்த்தி நாளில் 25 மணி நேரம் நீரும் அருந்தாத நோன்பு. இதய நோயாளியான பாட்டியார் தாமும் நோற்பதாகப் பிடிவாதம் பிடித்தார். ரபி மகனாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ரபியாகக் கட்டளையிட்டார். ஒரு வாய் நிறையும் அளவுக்கும் குறைவான நீரை, ஒன்பது நிமிட இடைவெளி விட்டு, நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நான் கொடுத்தேன். அவ்வாறு அருந்துவது நோன்பை முழுமையாக முறித்ததாகாது என்று கூறி அவரைத் தேற்றினார்கள். அதற்கு முந்திய மாலை, கணவனும் மனைவியும் என்முன் வந்து நின்று, கடந்த ஆண்டில் எம்மை அறியாமல் உங்களுக்குத் துன்பம் செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்டார்கள். மனிதருக்கு இழைத்த பிழையை அந்த மனிதரே மன்னித்தாலொழிய அந்நாள் தீர்க்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை. தோட்டத்திலும் வெளியிலும் பலரிடம் வேலை செய்தவள் நான். எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

இவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். எங்கள் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தை ஏற்படுத்தி, 1841 இல் சீனத் தேயிலைச் செடிகளை அங்கே நட்ட டி வோர்ம்ஸ் சகோதரர், ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண் ஒருவரின் மைந்தர்களான யூதர்கள். சஃபேத் மலையடிவாரத்தில் 1882 இல் எழுந்த ரோஷ் பினா என்ற குடியேற்றத்தைத் தாங்கிப் பிடித்ததும் அதே குடும்பத்தின் எட்மண்ட் டி ரொத்சைல்டின் பணமே. இதை நான் சொன்னபோது பாட்டியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் நீ பக்கத்து ஊர்க்காரி என்றார்.

பயிற்சிப் பாடத்தில் இவற்றுக்கென இரண்டு நாட்களேனும் ஒதுக்கி, தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று உரியவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுப்பு, பாத்திரம், ரசம், ஓய்வுநாள் அவசரம், நோன்பு, பஸ்கா ஆகியவை பற்றிய குறிப்புகளையும், அன்றாடம் வேண்டிய எபிரேயச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியவற்றையும் ஒரு கொப்பியில் வைத்திருக்கிறேன். அதன் பிரதியைத் தங்கள் அலுவலகத்துக்கு இத்துடன் அனுப்பியுள்ளேன். பயணத்துக்கு ஆயத்தமாகும் பெண்கள் எவர் கேட்டாலும் அதைக் கொடுத்துதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
புசல்லாவை.