மலையில் ஓடும் ஜெனரேட்டருக்கு வேறு ஏர் ஃபில்டர் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழைக்கு முந்தைய ஜெனரேட்டர் சர்வீஸ் தொடங்குகிறது. இந்த முறை தேயிலை ஃபேக்டரிகளுக்கு அனுப்பிய எஸ்டிமேட்டில் ஏர் ஃபில்டர் விலை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதைப் பார்த்துப் பலர் போனில் கேட்டீர்கள். கேட்டது நியாயம். இதுவரை போட்டுவந்த காகித ஃபில்டரை விட்டு, தண்ணீர் ஊறாத செயற்கை இழை ஃபில்டருக்கு மாறச் சொல்கிறோம். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுக் காரணத்தையும் எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

முதலில் நம் ஊர்க் காற்று. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஊட்டியில் முக்கால் பங்குக்கு வந்துவிடும். 125 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் செட் ஒன்று முழு லோடில் நிமிடத்துக்கு ஏழெட்டு கன மீட்டர் காற்றை இழுக்கும். மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில், அதற்கான டீசலை எரிக்கப் போதுமான அதே கன அளவு காற்று இங்கே போதாது. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றித்தான் ஈடுகட்டுகிறது. அதற்கு மேல் ஃபில்டரும் அடைத்துக்கொண்டால் கரும்புகை, டீசல் செலவு, டர்போ சூடு என்று ஒவ்வொன்றாக வரும். கீழே சமாளித்துவிடக்கூடிய அடைப்பு மேலே சமாளிக்க முடியாததாகிவிடுகிறது.

அடுத்தது பனிமூட்டமும் ஃபிளஃபும். தேயிலை சலிக்கும் அறையிலிருந்து பறக்கும் மெல்லிய நார்த்தூசிதான் ஃபிளஃப். அது தனியாக வந்தால் பெரிய தொல்லை இல்லை. ஈரத்தோடு சேர்ந்து வந்தால்தான் வினை. சென்ற மழைக்காலத்தில் ஒரு ஃபேக்டரி செட்டிலிருந்து கழற்றிய ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்தோம். வெளிப்பக்கம் முழுக்க ஃபிளஃப் பழுப்புக் கம்பளியாகப் படிந்திருந்தது. மடிப்புகள் ஈரத்தில் உப்பி இரண்டிரண்டாக ஒட்டிக்கிடந்தன. விரல் விட்டுப் பிரித்தால் காகிதம் கையோடு வந்தது. ஆனால் மடிப்பின் அடியில் புதுக் காகிதத்தின் மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. பரப்பில் பெரும்பகுதி தூசியையே பார்க்காமல், மேல்முனையிலேயே அடைத்துப்போயிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஃபில்டரில் பாதி கூட உழைக்கவில்லை.

இதே பிரச்சினையை நம்மைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிய அளவில் சந்தித்தவர்கள் கேஸ் டர்பைன் மின்நிலையத்துக்காரர்கள். தமிழ்நாட்டில் வழுதூர், குத்தாலம், கோவில்களப்பாள், பேசின் பிரிட்ஜ் ஆகிய இடங்களில் அப்படிப்பட்ட அரசு மின்நிலையங்கள் இருக்கின்றன. 100 மெகாவாட் அளவுள்ள டர்பைன் விநாடிக்கு ஏறத்தாழ 300 கிலோ காற்றை உள்ளே இழுக்கும். டர்பைன் உண்டாக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் காற்றை அமுக்கும் கம்ப்ரெசருக்கே போய்விடும். ஆகவே கம்ப்ரெசர் பிளேடுகளில் நுண்ணிய அழுக்கு ஒட்டினாலே மின்சாரம் குறையும், எரிபொருள் கூடும். ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய தூசிதான் இப்படி ஒட்டிக்கொள்வது. பழைய ரக ஃபில்டர்கள் அதைப் பெருமளவு விட்டுவிட்டன. அதனால் டர்பைனை நிறுத்தி நிறுத்திக் கழுவவேண்டியிருந்தது. உலகெங்கும் பல நிலையங்கள் எஃப்7, எஃப்8 என்ற அந்தப் பழைய ரகங்களிலிருந்து இ10, இ12 என்ற இன்னும் நுண்ணிய ரகங்களுக்கு மாறியதற்கு இதுவே காரணம். கழுவும் வேலை வெகுவாகக் குறைந்தது.

கடலோர நிலையங்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. ஃபில்டரில் பிடிபட்ட உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைந்து உப்புநீராக மறுபக்கம் கசியும். எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு அந்த சோடியம் சேர்ந்தால் சூடான பிளேடுகளையே அரித்துவிடும். வெறும் தூசியைப் பிடித்தால் போதாது, தண்ணீரையும் தடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அப்படித்தான். நமக்கு உப்பு இல்லை, ஈரம் உண்டு. தண்ணீரைத் தடுக்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும் என்று நம்புகிறோம்.

அதற்காக மிக நுண்ணிய ஃபில்டரைப் போட்டால் மிக நல்லது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதே ஹவுசிங்கில், அதாவது ஃபில்டர் உட்காரும் கூட்டில், நுண்ணிய ரகத்தைத் திணித்தால் காற்றோட்டம் தடைபடும். மின்நிலையங்கள் பரப்பைக் கூட்டி அதை ஈடுகட்டுகின்றன. டீசல் இன்ஜினுக்கு அந்த அளவு நுண்மை தேவையும் இல்லை. நாங்கள் போடுவது உங்கள் ஹவுசிங்குக்கு உரிய அளவில், மேல்பரப்பில் மெல்லிழைப் படலம் கொண்டது. தூசி மேலேயே நிற்கும், ஈரத்தில் மடிப்பு உப்பாது. இன்ஜின் ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனை முறையான ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி சோதித்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று எங்களிடமும் கேளுங்கள், வேறு எங்கே வாங்கினாலும் கேளுங்கள்.

ஆபரேட்டர் தம்பிகளுக்கு இரண்டு விஷயம். ஹவுசிங்கில் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பானால் அப்படியே நின்றுவிடும். அடைப்பு குறைந்தாலும் தானாக இறங்காது. பனி கொட்டிய இரவில் ஓடிய செட்டில் காலையில் சிவப்பைப் பார்த்தால், பட்டனை அமுக்கி ரீசெட் செய்துவிட்டு, வெயில் வந்த பிறகு லோடில் ஓட்டிப் பாருங்கள். மறுபடி சிவப்பானால் மட்டும் கூப்பிடுங்கள். இன்னொன்று, ஃபில்டரைச் சுத்தம் செய்ய, தயவுசெய்து ஏர் அடிக்காதீர்கள். கம்ப்ரெசர் காற்றில் காகிதத்தில் ஊசித்துளை விழும், கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் உள்ளே பல்பை விட்டுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். அந்த வழியாகப் போகும் மண் இன்ஜினுக்குள் உள்ள லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். முதல் ஃபில்டருக்கு உள்ளே பாதுகாப்புக்காக இருக்கும் உள் ஃபில்டரை எந்த நிலையிலும் சுத்தம் செய்யக் கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும்.

இந்த மாற்றம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. கரண்ட் போனால் மட்டும் அரைமணி நேரம் ஓடும் விடுதி, கடை செட்டுகளுக்குக் காகித ஃபில்டரே போதும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் சரி. மேட்டுப்பாளையம் வாடிக்கையாளர்களுக்கும் அதேதான். தேயிலை ஃபேக்டரிகளிலும், செட்டின் காற்று வாய் சலிக்கும் அறையைப் பார்த்து இருந்தால் முதலில் அதைத் திருப்பி, மேலே ஒரு தகர மூடி போடுவோம். ஃபில்டர் விலையைவிட அதற்குச் செலவு குறைவு, பலன் உடனே தெரியும். அரைத்த இலை ஃபெர்மெண்டிங்கில் இருக்கும்போது கரண்டும் போய் ஜெனரேட்டரும் நின்றால் அந்த லாட்டின் கதி என்ன என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

குன்னூர், கோத்தகிரி ஃபேக்டரிகளுக்குப் புரட்டாசி முடிவதற்குள் ஆள் அனுப்புகிறோம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கணக்கு என்பதால் அங்கே மே மாதத்துக்குள் வருவோம். வேண்டாம் என்று நினைப்பவர்கள் எஸ்டிமேட்டில் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்புங்கள். பழைய ரகத்தையே போட்டுத் தருகிறோம். மற்ற சர்வீஸ் கட்டணத்தில் மாற்றம் இல்லை.

அன்புடன்,
ஜெனரேட்டர் சர்வீஸ் பட்டறை,
குன்னூர்