இங்க்ஜெட்டா, லேசரா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்து மறுபடி கோட்டின் மேல் உட்கார ஆரம்பித்திருக்கிறது, சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலி கூடிவிடுகிறது.

சரி, பிரிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் இங்க் டேங்க் (தொட்டியில் மை ஊற்றி நிரப்புகிற இங்க்ஜெட்) என்கிறார், மாப்பிள்ளை லேசர் என்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உன் பெங்களூர்ப் பயணம்தான். கோடை வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டில் போய் இரண்டு மூன்று மாதம் தங்கிவிடுவாய். அவ்வளவு நாள் சும்மா கிடப்பது இங்க்ஜெட்டுக்கு ஆகவே ஆகாது. மையைத் தெளிக்கும் அதன் ஹெட்டில் இருப்பவை தலைமுடியைவிட நுண்ணிய துளைகள். மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும், எழுத்து கோடு கோடாக வரும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் சரியாகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல மையை உறிஞ்சி அடியிலிருக்கும் பஞ்சில் துப்பும். பஞ்சு நிறைந்துவிட்டால் பல மாடல்கள் வேலையை நிறுத்திவிடும், அப்புறம் சர்வீஸ்காரரைத் தேட வேண்டும். இங்க் டேங்கில் மை மலிவு என்பது உண்மைதான். மலிவு மையும் காயத்தான் செய்யும்.

லேசரில் காய்வதற்கு ஒன்றுமில்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. மூன்று மாதம் கழித்து வந்து சுவிட்சைப் போட்டாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும். நீ இயற்பியல் வாத்தியார், உனக்கு இது பிடிக்கும்: டிரம் என்ற உருளையில் நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள், லேசர் ஒளி பட்ட இடத்தில் மட்டும் அது குறைகிறது, அங்கே பொடி ஒட்டுகிறது, பிறகு தாளுக்கு மாறி 200 டிகிரி அளவு சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த கேரி ஸ்டார்க்வெதருக்கு ஜெராக்ஸ் நிறுவனத்து மேலதிகாரிகளே முட்டுக்கட்டை போட்டார்களாம். 1971இல் கலிஃபோர்னியாவிலுள்ள அவர்களது இன்னொரு ஆய்வகத்துக்கு மாறிப் போய்த்தான் மனுஷன் செய்து முடித்தார். பொடி உருகி ஒட்டுவதால் பட்டா நகலில் நாலு சொட்டு மழை விழுந்தாலும் எழுத்து கரையாது. இங்க்ஜெட் மையில் சில வகை இழுகிவிடும்.

பேத்தியின் பள்ளி புராஜெக்டுக்குக் கலர் வேண்டாமா என்று கேட்பாய். கலர் லேசர் வாங்கினால் நாலு டோனருக்கு அழ வேண்டும். மாதத்துக்கு நாலைந்து கலர்ப் படம்தானே? தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள். போட்டோ என்றால் ஸ்டூடியோவே மேல். வாரா வாரம் கலர் எடுக்கிற வீடாக, வருஷம் முழுக்க ஆள் இருக்கிற வீடாக இருந்தால் நானே இங்க் டேங்க் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே கறுப்பு வெள்ளை லேசர், ஸ்கேனரும் வைஃபையும் சேர்ந்தது. விலை கேட்கும்போதே டோனர் விலையையும் கேள். டிரம் தனியா, டோனரோடு சேர்ந்ததா என்றும் கேள். தனியென்றால் அதற்கும் ஒரு நாள் செலவு வரும். பெட்டியோடு வரும் டோனரில் பெரும்பாலும் பொடி குறைவாகத்தான் இருக்கும். டோனருக்கு இத்தனை பக்கம் என்று போட்டிருப்பது பக்கத்தில் 5 சதவீத இடம்தான் அச்சாகும் என்ற கணக்கில். நீ அடிக்கும் வினாத்தாளில் படமும் கட்டமும் நிறைய, அவ்வளவு வராது.

ஒன்று முக்கியம். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் லேசரைச் செருகிவிடாதே. சூடேறும் நேரத்தில் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும், யுபிஎஸ் தாங்காது. நேராகச் சுவரிலேயே கொடு. இங்க்ஜெட்டுக்கான போட்டோ தாளையும் லேசரில் விடாதே, பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் தாளை ஈரக்காற்று படாமல் மூடி வை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதுவரை பொறுத்திருப்பாய் என்றால் சேர்ந்தே கடைக்குப் போகலாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய விடுதி அறைத்தோழன்