ஹோட்டல் உழைத்தது எவ்வளவு, காணி ஏறியது எவ்வளவு?

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள ஆடம்பர ஹோட்டல், சொத்துக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர்களே,

காலாண்டு முடிந்து உரிய காலத்துக்குள் உங்கள் இடைக்கால அறிக்கை வந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதைக் கையில் எடுக்கும் சிறு பங்குதாரருக்கு முதலில் தெரியவேண்டிய விடயம் அதில் கிடைப்பதில்லை. அறையையும் சாப்பாட்டையும் மண்டபத்தையும் விற்று ஹோட்டல் உழைத்த காசு எவ்வளவு? காணி விலை ஏறியதாலோ டொலர் அசைந்ததாலோ தாளில் மட்டும் வந்த இலாபம் எவ்வளவு? இவற்றை ஒவ்வொரு காலாண்டும் வேறாக்கிக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் நாணயமாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதமளவில் 360 வரை போனது. 2024 முடிவில் 300க்குக் கீழே வந்தது. 400 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையை ஓர் இரவுக்கு விற்பது ஓர் அறையிரவு என்றால், 91 நாள் காலாண்டில் விற்கக்கூடியது 36,400 அறையிரவுகள். 60 சதவீதம் நிரம்பினால் 21,840. சராசரி வாடகை 120 டொலர் என்றால் அறை வருமானம் 26 இலட்சத்து 20,800 டொலர். டொலர் 360 ஆக இருக்கும்போது இது 943 மில்லியன் ரூபா. 300 ஆகும்போது 786 மில்லியன். ஒரு விருந்தினர்கூடக் குறையவில்லை, வாடகையும் மாறவில்லை, ஆனால் அறிக்கையில் வருமானம் ஆறில் ஒரு பங்கு சரிந்திருக்கும். முந்தைய ஆண்டுகளில் ரூபா விழுந்தபோது இதே கணக்கு மறுபக்கம் வேலை செய்து, சோர்ந்துபோன ஹோட்டலையும் வளர்ந்த ஹோட்டலாகக் காட்டியது. ஆகவே சராசரி அறை வாடகையை டொலரிலும் ரூபாவிலும் பக்கத்தில் பக்கத்தில் தாருங்கள். டொலர் கடன் இருந்தால் அதன் தொகையையும், நாணயமாற்று நட்டம் இலாப நட்டக் கூற்றுக்குப் போனதா, இடர்காப்புக் கணக்கீட்டின் (hedge accounting) வழியே, இலாபத்தைத் தொடாத ஏனைய முழுதளாவிய வருமானத்துக்குப் போனதா என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். 10 மில்லியன் டொலர் கடன், 200இலிருந்து 360க்குப் போகும்போது 1,600 மில்லியன் ரூபாவால் கூடுகிறது. இவ்வளவு பெரிய தொகையை அறிக்கையின் பின்னால் வரும் கணக்குக் குறிப்பு 27க்குள் தேடவைப்பது நியாயமில்லை.

அறை நிரம்பல் வீதத்திலும் கவனம் வேண்டும். 400 அறைகளில் 40 அறைகள் திருத்தவேலைக்காக மூடியிருக்க, 216 அறைகள் விற்றன என்று வையுங்கள். 360ஆல் வகுத்தால் 60 சதவீதம், 400ஆல் வகுத்தால் 54. ஹோட்டல் துறையின் ஒருசீர்க் கணக்கு முறையில், திருத்தவேலைக்காக மூடிய அறைகள் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து மூடியிருந்தால்தான் அவற்றைக் கழிக்கலாம். இன்று தண்ணீர்க் குழாய் உடைந்து நாளை திறக்கும் அறையைக் கழிக்க முடியாது. எதனால் வகுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். காலைச் சாப்பாட்டோடு விற்கும் அறையிலும் இதே சிக்கல்தான். மொத்த விலையில் காலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்பதை மாற்றினாலே சராசரி வாடகை ஏறும், இறங்கும். ஒதுக்கீட்டை மாற்றிய ஆண்டில் பழைய ஆண்டின் எண்ணையும் திருத்திக் காட்டாவிட்டால் ஒப்பீடு செல்லாது. ஊழியருக்குப் பகிரப்படும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை வருமானத்தில் சேர்க்கவே வேண்டாம்.

இனிக் காணியும் கட்டடமும். அதிகக் குழப்பம் இங்கேதான். கம்பனி தானே நடத்தும் ஹோட்டல் கட்டடம் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16க்குள் வருகிறது. அதன் மீள்மதிப்பீட்டு உயர்வு இலாபத்தைத் தொடாமல் நேரே உரிமை மூலதனத்துக்குப் போகும். அதே வளவில் வாடகைக்கு விட்டிருக்கும் கடைத்தொகுதியோ அலுவலகத் தளமோ நியமம் 40இன் கீழ் முதலீட்டுச் சொத்து. அதை நியாயப் பெறுமதியில் (சந்தை மதிப்பில்) காட்டும் கம்பனியில், பெறுமதி ஏறினால் அந்த ஏற்றம் நேரே வரிக்கு முந்திய இலாபத்துக்குள் வந்து உட்காரும். ஒரே மதில், ஒரே மதிப்பீட்டாளர், ஒரே பேர்ச் விலை. ஆனால் ஒரு பாதி இலாபத்தில் தெரிகிறது, மறு பாதி தெரிவதில்லை.

மதிப்பீடு எவ்வளவு இலேசாக அசையும் என்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு 1,000 மில்லியன் ரூபா தேறிய வாடகை தரும் சொத்தை 10 சதவீத விளைவு வீதத்தில் (சொத்தின் பெறுமதியில் ஆண்டு வாடகையின் பங்கு) மதித்தால் 10,000 மில்லியன். 9 சதவீதத்தில் மதித்தால் 11,111 மில்லியன். புதிய வாடகையாளர் ஒருவரும் வராமல், மதிப்பீட்டாளர் ஒரு புள்ளியைக் குறைத்ததால் 1,111 மில்லியன் ரூபா “இலாபம்”. வங்கி வட்டி இறங்கும் காலத்தில் இது இயல்பாகவே நடக்கும். தவறு என்று நாங்கள் சொல்லவில்லை, மறைந்து கிடக்கக்கூடாது என்கிறோம். வீதம் மாறினால் பெறுமதி எவ்வளவு மாறும் என்று காட்டும் உணர்திறன் அட்டவணை ஆண்டறிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுருக்கி காலாண்டு அறிக்கையிலும் போடலாம். பேர்ச் ஒன்றுக்கு எடுத்த விலையையும், குத்தகைக் காணி என்றால் மீதமுள்ள ஆண்டுகளையும் சேர்த்துத் தாருங்கள். ஹோட்டல் காணியின் பெறுமதி ஏறும்போது உரிமை மூலதனம் பெருத்து, கடன் விகிதம் பார்ப்பதற்கு அழகாகிவிடும். ஆனால் அந்த உயர்வைக் கொண்டு ஒரு தவணை வட்டியும் கட்ட முடியாது.

வரியிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றுலாத்துறைக்கு இருந்த 14 சதவீதச் சலுகை வீதம் நீங்கி, 2022 ஒக்டோபரிலிருந்து 30 சதவீதமானது. அந்தந்த ஆண்டின் வரி மட்டுமல்ல, பழைய மீள்மதிப்பீடுகளின் மேல் தேங்கிக் கிடந்த பிற்போட்ட வரிப் பொறுப்பும் (பின்னர் கட்டவேண்டி வரும் வரி) இரட்டிப்புக்கு மேல் ஆனது. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து “வரிக்குப் பின்னரான இலாபம் இத்தனை மடங்கு” என்று எழுதும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் இறங்கி, 2025 ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏறியது. அறை நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் குளிரூட்டும் சில்லர் ஓடத்தான் வேண்டும். விருந்தினர் தங்கிய அறை ஒன்றுக்கு எத்தனை அலகு செலவானது என்று காட்டினால், கட்டணம் குறைந்ததால் வந்த மீதமா, சிக்கனத்தால் வந்த மீதமா என்பது விளங்கும். வட்டிக்கும் இது பொருந்தும்: 2023 மார்ச்சில் மத்திய வங்கி வணிக வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் துணைநில் கடன்வழங்கல் வீதம் 16.5 சதவீதம், 2024 நவம்பரில் அதன் புதிய அடிப்படை வட்டியாக அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதம் 8 சதவீதம். இந்த இறக்கம் தந்த இலாபத்தை முகாமைத்துவத்தின் திறமையில் சேர்க்காதீர்கள்.

தளபாட, உபகரண ஒதுக்கீடு பற்றி ஒரு சொல். வருமானத்தில் 4 சதவீதமளவு ஒதுக்குவது ஹோட்டல் துறையின் பொது வழக்கம். நட்ட ஆண்டுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் இது தள்ளிப்போனது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கம்பளம், மெத்தை, லிப்ட், சில்லர் எல்லாமே ஒரே நேரத்தில் முடிவுக்கு வரும்போது அந்தச் செலவு பங்கிலாபத்தைத்தான் விழுங்கும். தள்ளிப்போட்ட வேலைகளின் தொகையை இப்போதே வெளியிடுங்கள்.

அடுக்குமாடி வீடு விற்கும் கம்பனிகள் விற்றவை, கையளித்தவை, விற்காதவை, கையிலுள்ள முற்பணம் ஆகிய நான்கு எண்களையும் தந்தால் போதும். கையளிப்பு குவிந்த ஒரு காலாண்டை வளர்ச்சி என்று யாரும் ஏமாறமாட்டார்கள்.

எதிர்காலம் பற்றி எழுதும்போது சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள். 2018இல் 23.3 இலட்சம் பேர் வந்தார்கள், நாட்டுக்குக் கிடைத்தது 4.38 பில்லியன் டொலர். 2024இல் வந்தவர்கள் 20.5 இலட்சம், கிடைத்தது 3.17 பில்லியன். ஆட்கள் 12 சதவீதம் குறைய, காசு 28 சதவீதம் குறைந்திருக்கிறது. மறுபக்கம், 2024 ஏப்ரலில் ஐ.டி.சி. ரத்னதீப 352 அறைகளோடும், ஒக்டோபரில் சினமன் லைப் 687 அறைகளோடும் திறந்தன. ஆறு மாதத்தில் கொழும்பின் மேல்தட்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் கூடின; அவற்றோடு பெரிய விருந்து மண்டபங்களும் வந்தன. நகர ஹோட்டல்களுக்குக் கலியாணமும் மாநாடும் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த 90 நாளுக்கு ஏற்கெனவே பதிவான அறையிரவுகள், சென்ற ஆண்டு இதே திகதியில் இருந்த பதிவு, மண்டபங்களுக்கு வாங்கிய முற்பணம் ஆகிய மூன்றும் உங்கள் விற்பனைப் பிரிவின் மேசையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருக்கின்றன. “நம்பிக்கையளிக்கும் சூழல்” என்ற வசனத்துக்குப் பதிலாக அவற்றைப் போடுங்கள். பங்கு விலையை அசைக்கக்கூடிய தகவல் என்று தயங்கினால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சந்தை அறிவித்தலாக வெளியிடுவதே அதற்கு வழி.

இதற்குப் புதிய மென்பொருளோ ஆலோசகரோ தேவையில்லை. ஹோட்டல் வாரியாக ஒரு பக்க அட்டவணை போதும்: இயக்க இலாபம், முகாமைக் கட்டணம், சொத்து வாடகை, வீட்டு விற்பனை, மதிப்பீட்டு மாற்றம், நாணயமாற்று, வட்டி, வரி. மார்ச் 31இல் முடியும் நிதியாண்டின் அறிக்கையிலிருந்தே தொடங்கலாம். முந்தைய எட்டுக் காலாண்டுகளையும் அதே வடிவில் தந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகளும் பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
ஹோட்டல் கணக்குத் துறையில் உள்ள சில சிறு பங்குதாரர்கள்